நான் கோட் எழுத, நாலு பேர் பார்க்க

கொம்பியூட்டருக்குக் கோட் எழுதத் தெரிந்தால் இந்தத் தொழிலில் பிழைத்துக்கொள்ளலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதத் தெரிந்தால்தான் வேலையே கிடைக்கும் என்பது உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து வியர்த்திருப்பீர்கள். அனுபவமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு லைவ் கோடிங் இன்டர்வியூ என்று பெயர். வீடியோ அழைப்பில் உங்கள் ஸ்கிரீனை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அவர்கள் ஒரு கேள்வி தருவார்கள். நீங்கள் தட்டுவதையும், பிழை விடுவதையும், அழிப்பதையும், அழித்ததையே திரும்ப எழுதுவதையும் முக்கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர்கூட நம் மேசையைத் தாண்டிப் போய்விடுவார். இவர்கள் போகமாட்டார்கள்.

நான் கல்முனைக்குடிக்காரி. பெயர் நஸ்ரீனா. கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கம்பனியில் வேலை செய்தேன். கொரோனாக் காலத்தில் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள், பிறகு வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்துவந்தேன். கணவர் பாயிசுக்கு டவுனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. உம்மா எங்களோடுதான். மகள் ஹிபா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கம்பனி தன் கொழும்புக் கிளையை மூடிவிட்டது.

கொழும்பில் இன்னொரு கம்பனி என்னை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் கிழமைக்கு ஐந்து நாளும் ஒபிசுக்கு வரவேண்டும் என்றார்கள். அப்படியென்றால் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும், மகளையும் உம்மாவையும் லீவுக்கு லீவு வந்து பார்க்க வேண்டும். நோன்பு தொடங்கமுன் பதில் சொல்லச் சொன்னார்கள். அதற்குள் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன். அந்த நாட்களில் நடந்தவைதான் இவை. இன்டர்வியூ செய்தவர்களெல்லாம் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். நான் தமிழில் தருகிறேன்.

பதினான்கு வருடம்

முதல் இன்டர்வியூவில் வந்த இளைஞனுக்கு என் கடைசித் தம்பியின் வயதுதான் இருக்கும். மரியாதையான பிள்ளை. கேள்வியும் லேசானது. ஒரு சொல்லைத் தந்தால், அதைப் பின்னாலிருந்து வாசித்தாலும் அதே சொல்தானா என்று கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விகடகவி என்று சொல்லிச் சிரிப்போமே, அதேதான். கம்பனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கையைக் கீபோர்டில் வைத்தேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று கொம்பியூட்டரிடம் கேட்க ஒரு கட்டளை உண்டு. ஒரு நாளைக்குப் பல தடவை எழுதுகிற கட்டளை. அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு விதமாக எழுதினேன், சிவப்புக் கோடு விழுந்தது. இன்னொரு விதமாக எழுதினேன், அதற்கும் விழுந்தது. உள்ளங்கை ஈரமாகி விசை வழுக்கியது. கமெராவில் என் முகத்தை நானே பார்த்தேன், கல்யாணத்தில் சாப்பாடு போதாமல் போன வீட்டுக்காரியின் முகம் மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு தன் பக்கத்தில் எதையோ திறந்து வாசித்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டான்:

"மெடம், உங்கள் விபரத்தில் பதினான்கு வருட அனுபவம் என்று போட்டிருக்கிறது. அது தட்டச்சுப் பிழை இல்லையே?"

சத்தமாக யோசித்தல்

இந்த இன்டர்வியூக்களில் வாயை மூடிக்கொண்டு எழுதினால் மதிப்பெண் இல்லை. மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். "இப்போது இதைச் செய்கிறேன், ஏனென்றால் இப்படி, இதில் இந்த ஆபத்து இருக்கிறது" என்று கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி. எங்கள் வீட்டில் பெண்பிள்ளை யோசிக்கும்போது வாய் திறந்து பழக்கமில்லை. ஆகவே பழகுவோம் என்று குசினியில் தொடங்கினேன்.

"இப்ப நான் வெங்காயம் வெட்டுறன். ஏன் முதல்ல வெங்காயம்? மீன் கழுவி முடியிறதுக்குள்ள இது வதங்கிரும். தேங்காப்பால இப்பவே ஊத்தினாத் திரைஞ்சு போகும், அதனால பொறுத்திருக்கன்." ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே மீன் ஆணம் காய்ச்சினேன். நன்றாகத்தான் வந்தது, ஆணமும் யோசனையும். திரும்பிப் பார்த்தால் உம்மா கதவடியில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் முன்பக்கத்திலிருந்து அவர் போனில் பாயிசிடம் தணிந்த குரலில் கதைப்பது கேட்டது:

"மருமகன், பயப்படுறதுக்கு ஒண்டுமில்ல. புள்ள சட்டிக்கிட்ட நியாயம் சொல்லுது. கடையப் பூட்டிட்டு வரக்குள்ள ஓதிப் பார்க்கிறதுக்கு ஆரயும் கூட்டி வாறீங்களா?"

லைக் போடுகிறவர்கள்

இப்படியான விசயம் எங்கள் தெருவில் ஒளிந்திருக்காது. அடுத்த தெரு மாமி ஒருவர், பாயிசுக்குத் தூரத்து உறவு, உம்மாவைப் பார்க்கிற சாட்டில் வந்தார். பிளேன்டீயைக் குடித்து முடித்தார். எழும்பிப் போகும்போது என் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

"நீ இப்ப ஒவ்வொரு நாளும் லைவ்ல வாறியாமே மகள். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. லிங்க்க அனுப்பு, எங்கட வீட்டு ஆக்கள் எல்லாரும் லைக் போடுவம்."

பாங்கு

ஐரோப்பாக் கம்பனிகள் தங்கள் காலையில் இன்டர்வியூ வைப்பார்கள். எங்களுக்கு அது அஸர் தொழுகை நேரம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல். அதன் ஒலிபெருக்கிகளில் ஒன்று என் மேசை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது.

அன்று இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். ஒரு பெண்மணி, ஒரு நரைத்த மனிதர். கேள்வி கடினம். பல நகரங்கள், அவற்றுக்கிடையே பாதைகள், மிகக் குறைந்த நேரத்தில் போகிற வழி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். வாயில் வர்ணனையும் நின்றுவிட்டது. அந்த நேரம் பாங்கு தொடங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மைக்கை மூடினேன். அவர்கள் பரவாயில்லை என்று கையால் காட்டினார்கள். எங்கள் பள்ளி முடிய அடுத்த பள்ளி, அது முடிய கடற்கரைப் பக்கத்துப் பள்ளி. அந்த நேரம் முழுவதும் ஒருவரும் என்னைக் கதைக்கச் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டாவது பாங்கு முடிகிற நேரம் எங்கே பிழை விட்டேன் என்பது தெரிந்துவிட்டது. மைக்கைத் திறந்து, நேரே போய் அந்த வரியைத் திருத்தினேன். ஓடியது.

அந்த வேலை கிடைக்கவில்லை. தங்கள் நாட்டு நேரத்துக்கு முழுதாக வேலை செய்யக்கூடிய ஒருவரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்றுதான் முதல்தடவையாக, கதிரையை விட்டு எழும்பும்போது எனக்கு இந்தத் தொழில் தெரியும் என்ற நினைப்பு வந்தது. அன்று அழைப்பை முடிக்கும்போது அந்த நரைத்த மனிதர் சொன்னது இது:

"எல்லா இன்டர்வியூவிலும் இப்படி ஒரு இடைவேளை இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஆட்கள் இதற்குப் பதிலாகக் கோப்பி குடிக்கிறார்கள், அது இவ்வளவு வேலை செய்வதில்லை."

பாண்டிருப்புப் பரீட்சகர்

சுகந்தி பக்கத்து ஊர், பாண்டிருப்புக்காரி. பழைய கம்பனியில், நான் கொழும்பில் இருந்த காலத்தில் எனக்கு அடுத்த மேசை. கிளையை மூடிய அன்று இருவருக்கும் ஒரே கூட்டத்தில்தான் சொன்னார்கள். அவளும் ஊருக்கு வந்தபிறகு ஒருவரை ஒருவர் சோதிப்பதென்று முடிவு செய்தோம். ஒரு நாள் அவள் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில். வீட்டுக்குப் போனால் வாசலிலேயே தேத்தண்ணி தருகிறவள், பரீட்சகர் கதிரையில் இருந்தால் தண்ணீர்கூடத் தரமாட்டாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "ஏன் அப்பிடிச் செய்தனீங்க?" என்று பன்மையில் கேட்பாள். அந்தப் பன்மையைக் கேட்டாலே எழுதியதை அழிக்கத் தொடங்கிவிடுவேன். கோயில் ஒலிபெருக்கி அலறினாலும் நிறுத்தமாட்டாள். உண்மையான இன்டர்வியூக்களைவிட அவளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அந்தப் பயத்தில்தான் கை மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.

ஒரு கம்பனிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். எனக்கு மறுப்பு வந்தது. அவளிடமிருந்து செய்தியே இல்லை. அடுத்த நாள் ஸ்கூட்டியில் வந்தாள். கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. படலையடியில் நின்றுகொண்டு உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மெய்யாகவே சந்தோசம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் எப்படி வைப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

"சந்தோசமெண்டாச் சந்தோசப்படு. அழுகையெண்டா அழு. ரெண்டுமில்லாமப் பல்ல மட்டும் காட்டிக்கொண்டு நிக்காத, எனக்குப் பயமாக் கிடக்கு."

அழுதேன். பிறகு இருவருமாக மஸ்கட்டைத் தின்றோம். வேலை கிடைத்தபிறகும் அவள் பரீட்சகர் கதிரையை விடவில்லை.

இடது பக்கப் பார்வை

இப்போதெல்லாம் கம்பனிகளுக்குப் புதிய பயம் ஒன்று. நாம் விடையைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாசிக்கிறோமோ என்று. கண் எங்கே போகிறது என்று கவனிப்பார்கள். அன்று என் கண் திரும்பத் திரும்ப இடது பக்கம் போயிற்று. என்ன செய்ய, இடது பக்கம்தான் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உடுப்புக்கொடி, கொடிக்கு மேலே மாரி மழை கறுத்துக்கொண்டு வந்தது. உம்மா ஓடர் கொடுக்கிற சத்தமும், மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்த பாயிஸ் ஓடுகிற சத்தமும் கேட்டன.

கேள்வி கேட்டவர் நிறுத்தினார். "உங்கள் இடது பக்கத்தில் இன்னொரு ஸ்கிரீன் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் தயவுசெய்து லெப்டொப்பை அந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" குரல் பண்பாகத்தான் இருந்தது. இவ்வளவு காலம் வேலை செய்து கடைசியில் கள்ளி என்ற பெயரா என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாயிஸ் சாரனை மடித்துக் கட்டி, கழுத்தில் இரண்டு படுக்கைச்சீலை, தலையில் என் அபாயா, வாயில் உடுப்புக் கவ்விகளோடு கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட ஐரோப்பியர், அவரோடு வந்திருந்த இந்தியர், நான், மூவரும் பார்த்தோம். பிறகு கேட்டவர் தொண்டையைச் செருமினார்.

"மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு யாரோ உதவி செய்வதாக நாங்கள் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் இந்த உதவிக்குத் தடையில்லை."

கடைசி சீற்

நோன்புக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கொழும்புக்காரர்கள் ஞாபகப்படுத்திவிட்டார்கள். உம்மா நான் கேட்காமலே என் பெரிய பேக்கைத் தூசி தட்டி வைத்திருந்தார். அப்போதுதான் ஹொலந்துக் கம்பனி ஒன்றின் கடைசிச் சுற்று வந்தது. அவர்கள் புதிர் எதுவும் தரவில்லை. பஸ்சுக்கு சீற் பதிவு செய்கிற சிறிய கோட் ஒன்றைத் தந்து, பதிவை ரத்துச் செய்கிற வசதியை அதில் சேர்க்கச் சொன்னார்கள். எழுதக்கூடிய வேலைதான். நேரமும் போதும்.

சேர்ப்பதற்கு இடம் தேடி வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் மனம் இடறியது. அந்தக் கோட் முதலில் சீற் காலியா என்று பார்க்கிறது, பிறகுதான் பெயரை எழுதுகிறது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஒரு கண் இமைக்கும் நேரம். அந்த நேரத்தில் இன்னொருவரும் பார்த்துவிட்டால் ஒரே சீற் இரண்டு பேருக்கும் போய்விடும். இதைச் சொன்னேன். கேள்வி கேட்ட பெண்மணி தன்னோடிருந்த சக ஊழியரைப் பார்த்தார். "நேரம் குறைவாக இருக்கிறது. நாங்கள் கேட்டதைச் செய்யப்போகிறீர்களா, நீங்கள் கண்டதைத் திருத்தப்போகிறீர்களா? உங்கள் விருப்பம்" என்றார். கேட்டதைச் செய்தால் மதிப்பெண். எல்லா இன்டர்வியூவும் அதைத்தான் சொல்லித்தந்தது. ஆனால் பிழையென்று தெரிந்த ஒன்றின் மேல் இன்னொன்றைக் கட்ட எனக்குக் கை வரவில்லை. "முதலில் இதைத் திருத்துகிறேன்" என்றேன். திருத்தினேன், திருத்தியது சரியா என்று பார்க்கச் சோதனையும் எழுதினேன். ரத்துச் செய்கிற வசதிக்குப் பெயர் மட்டும் வைத்தேன், நேரம் முடிந்துவிட்டது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கடைக்குப் போய்ப் பாயிசிடம் சொன்னேன். கேட்டதைச் செய்யாமல் வந்துவிட்டேன், இனிக் கொழும்புதான் என்றேன். அவர் ஒரு செயினுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே முழுதையும் கேட்டார்.

"கல்முனையில இருந்து கொழும்புக்கு ஒரு சீற்றுல ரெண்டு பேர் இருந்து போற பாட்ட நீ அறிவாய்தானே. ரத்துச் செய்யிறத ஆரும் எழுதுவான். நீ செஞ்சது நல்ல வேல."

அக்கரைப்பற்றுத் துணிக்கடை

பெருநாள் உடுப்பை உம்மா நோன்புக்கு முன்பே எடுத்துவிடுவார், அதற்கு அக்கரைப்பற்றுக்குத்தான் போவார். அங்கே கடைக்காரர்கள் தன் பேச்சைக் கேட்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. நானும் போனேன். அடுத்த நாள் கொழும்புக்குச் சம்மதம் சொல்வதென்று முடிவெடுத்திருந்தேன், மனம் சரியில்லை. உம்மா ஒரு சுடிதார்த் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, சாயம் போகுமா போகாதா என்று கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

வாசலுக்கு ஓடினேன். சந்தியில் பஸ் ஹோர்ன். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். ஹொலந்துக் கம்பனிப் பெண்மணிதான். எடுத்த எடுப்பில் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் காட்டிய அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார். சரி, பிழை விட்டுவிட்டேன், அதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தெருவோரக் கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அந்த ஓட்டையை நாங்கள் சோதனைக்காக வைக்கவில்லை. அது அங்கே இருப்பது எங்களுக்கே தெரியாது. எப்போது வேலை தொடங்குகிறீர்கள்?"

உள்ளே வந்து உம்மாவின் காதில் சொன்னேன். கையிலிருந்த துணியை இறக்காமலே அல்ஹம்துலில்லாஹ் என்றார். கண் கலங்கியிருந்தது. கடைக்காரர் பக்கம் திரும்பினார். அன்று முதல்தடவையாக விலையில் ஒரு சதமும் குறைத்துக் கேட்காமல் சொன்னார்:

"ரெண்டா வெட்டுங்க தம்பி. பேத்திக்கி ஒண்டு, என்ட மகளுக்கு ஒண்டு. அவ இனி வீட்டதான் இரிப்பா."

இந்தப் பக்கக் கதிரை

வேலையில் காலூன்றியபிறகு, ஆள் எடுக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு தந்தார்கள். முதல் நாள் வந்தவர் மூதூர்க்காரர், என் வயதுதான். இப்போது எங்களோடு வேலை செய்கிறார், ஆகவே சொல்வதில் தப்பில்லை. நான் பட்டதெல்லாம் மற்றவர்கள் படக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கேள்வியை அன்றாட வேலையிலிருந்து எடுத்தேன். அவருடைய நெற்றியில் வியர்வை மினுங்குவதைக் கண்டதும், "நீங்க அமைதியாச் செய்ங்க. நான் கமெராவ மூடிட்டு அங்கால போறன், முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று தமிழிலேயே சொல்லி மூடிவிட்டேன். எவ்வளவு பெரிய உபகாரம் செய்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு கதிரையில் சாய்ந்தேன். சாய்ந்து முடியவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து பதறின குரல் வந்தது:

"மெடம், போயிடாதீங்க மெடம். நீங்க பார்த்துக்கிட்டிருந்தாப் பயம்தான், ஆனா ஆளக் காணாட்டி கரண்ட் போயிட்டோ, லைன் வெட்டுப்பட்டிட்டோ எண்டு அதவிடப் பயம்."

ஆக, கேள்வி கேட்கிற கதிரையும் அப்படியொன்றும் சௌகரியமான கதிரையில்லை என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் வேலையில் இருந்துகொண்டு வியர்ப்பது வேலை தேடிக்கொண்டு வியர்ப்பதைவிட எவ்வளவோ மேல்.